ஒன்பதாம் நம்பர் மிஹாய்

மிஹாய் போய்விட்டான்.

இன்று காலை புவாண்ட்-கிளேர் வெயார்ஹவுஸுக்கு வேலைக்குப் போனால், லஞ்ச் ரூமில் மைக்ரோவேவுக்கு மேலே அவன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கான்சர் என்று தெரியும். ஆனாலும் இவ்வளவு கெதியாக...

படத்தில் பச்சை ஜேர்சி. இரண்டு காலும் தரையில் இல்லை, தலையால் பந்தை அடிக்கிறான், பின்னால் கலரி முழுக்கச் சனம்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்தும் இவன்தான் வடிவாக நிற்கிறான்!

தெரியாதவர்களுக்கு... மிஹாய் ருமேனியாக்காரன், எங்களோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். அதற்கு முதல் புரொஃபெஷனல் ஃபுட்போல் ஃபோர்வேர்ட். சுரங்க ஊர் ஒன்றின் டீமில் தொடங்கி, தலைநகரத்துப் பெரிய கிளப்புக்குப் போய், அங்கே பாதிக் காலம் பெஞ்சில் இருந்து, பிறகு சைப்ரஸில் விளையாடி, முழங்கால் போய்... மனைவி எலெனாவோடு மொன்றியலுக்கு வந்தவன்.

இது எதுவும் முதல் ஆறு மாசம் எனக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. நான்தான் ஒவ்வொரு லஞ்சுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன், இங்கே இருக்கிற எங்கள் ஊர்ச் சங்க டீமில் நான் சென்டர் ஃபோர்வேர்ட், ஒன்பதாம் நம்பர் என்று.

ஒரு நாள் டேப் ரோல் ஒன்றை நிலத்தில் வைத்து, எப்படி ஷூட் அடிப்பது என்றுகூட என் அரைகுறைப் பிரெஞ்சில் காட்டிக் கொடுத்தேன். கணுக்காலை இறுக்கிப் பிடிக்க வேண்டுமாம்! அவன் "பொன், பொன்", சரி சரி என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

பிறகு ஷிப்பிங்கில் வேலை செய்த ஒருத்தி அவன் பெயரை ஃபோனில் தேடிக் காட்டினாள். தனிப் பக்கமே இருந்தது... கிளப், வருசம் எல்லாம் வரிசையாக.

கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன். வீட்டுக்குப் போய் என் பெயரையும் தேடிப் பார்த்தேன். என் முகநூல்தான் வந்தது.

வாய் சும்மா இருக்குமா? சங்கச் செயலாளர் குகன் அண்ணையிடம் உளறிவிட்டேன்.

எங்கள் ஊர்ச் சங்கங்களின் சுற்றுப்போட்டியில் ஒரு விதி. ஊரில் பிறந்தவன் விளையாடலாம், ஊர்ப் பெண்ணைக் கலியாணம் முடித்தவனும் விளையாடலாம், வேறு ஆட்கள் கூடாது. முந்தின வருசம் பக்கத்து ஊர்க்காரர் தங்கள் கியூபெக் மருமகனை இறக்கித்தான் கோப்பை அடித்தார்கள்.

"உன்ர தங்கச்சி லண்டனிலதானே? மிஹாய் அவளின்ர மனிசன் எண்டு எழுதுவம். ஆர் போய்ப் பாக்கப் போறாங்கள்?" என்றார் குகன் அண்ணை.

"அண்ணை, அவளுக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை."

"அது இன்னும் வசதி."

படிவத்தில் தமையன் என்று கையெழுத்து வைத்தது நான். மிஹாய்க்கு ஒன்றும் தெரியாது, விளையாடக் கூப்பிட்டார்கள், வந்தான். என் ஒன்பதாம் நம்பர் ஜேர்சி அவனுக்குப் போனது. நான் பெஞ்சுக்குப் போனேன்.

இதற்குள் அம்மாவுக்கு ரொறன்ரோச் சொந்தக்காரரிடமிருந்து ஃபோன். "உங்கட மகள் வெள்ளைக்காரனை முடிச்சிட்டாளாம், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் மிஹாய் வீட்டுக்கு வந்து, ஆட்டிறைச்சிக் கறியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "எவ்வளவு தங்கமான பிள்ளை. நீ ஒரு நாளாவது என்ர கறியைக் கேட்டு வாங்கினனியே?" என்று அம்மா என்னிடம் கேட்டார்.

போட்டி கோட்-டெ-நெய்ஜ் பார்க்கில். அரையிறுதியில் பந்து வருவதற்கு முதலே அவன் அந்த இடத்தில் நின்றான்... சும்மா தட்டிவிட்டான், கோல். நான் இத்தனை வருசமும் பந்துக்குப் பின்னால் ஓடியவன்.

சனம் "மிஹாய் மச்சான்! மிஹாய் மச்சான்!" என்று கத்தியது. என் பெயரை ஒருவரும் அப்படிக் கத்தியதில்லை. ஒரு நாளும் இல்லை.

ஃபைனலுக்கு முதல் தேத்தண்ணி வரிசையில் எதிர் டீம் மனேஜர் எனக்குப் பக்கத்தில் நின்றார். "அவனிட்ட மனிசி ஆரெண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவன் அடித்த கோலில் ஃபைனலை வென்றோம். கோப்பை கொடுக்கிற மேசையில் வைத்து அவனிடம் கேட்டார்கள். மிஹாய் சிரித்துக்கொண்டே, டீமுக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்த எலெனாவைக் கையால் காட்டி, "என் மனைவி" என்றான்.

கோப்பை போனது. "அட கோதாரி! வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாமே இவன்!" என்று குகன் அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். நான் குனிந்து தோடம்பழத் தோலைப் பொறுக்கினேன்.

திங்கட்கிழமை ஜேர்சியைத் தோய்த்து, அயர்ன் பண்ணி, பையில் போட்டுக்கொண்டு வந்தான். "மன்னித்துக்கொள். உங்கள் கோப்பையை நான் கெடுத்துவிட்டேன்" என்றான்.

"பரவாயில்லை" என்றேன். ஓம், அப்படித்தான் சொன்னேன்... நான்.

அதற்குப் பிறகு அவன் எங்கேயும் விளையாடவில்லை. கேட்டால் வெட்கமாக இருக்கிறது என்பான். ஃபோனில் பார்த்த அந்தப் பக்கத்தில் அவனுடைய கடைசி டீம் சைப்ரஸில் என்று இருக்கிறது. பிழை. எங்கள் டீம்தான்.

போன மாசம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். சொல்லிவிடுவோம் என்றுதான் போனேன். வாயெடுக்க முதல், நர்ஸிடம் என்னைக் காட்டி, "இவர் எங்கள் டீமின் ஃபோர்வேர்ட்" என்றான். என்னால் சொல்ல முடியவில்லை.

இன்று சங்க வாட்ஸ்அப் குறூப்பில் எழுதுகிறார்கள்: "எங்கட கோப்பையை வாயால விட்டவன், எண்டாலும் நல்ல மனுசன்." கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள்.

குகன் அண்ணை, குறூப்பில் இருக்கிற எல்லாரும் வாசியுங்கோ. அவன் விடவில்லை. காட்டிக் கொடுத்தது நான்.

எலெனா, இதை யாராவது உனக்கு மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.

போயிட்டு வா மிஹாய்... இன்னும் ஒரு வருசமாவது உன்னை விளையாட விட்டிருக்கலாம் நான்.