புறாவுக்குக் காட்டிய புகை

காற்றின் அழுக்கை அளக்கும் ஆய்வுக்காரர் எங்கள் புறாவின் முதுகில் தீப்பெட்டியைவிடச் சிறிய சென்சர் ஒன்றைக் கட்டித் தந்தார்கள். வெள்ளி மாலை துறைமுகத்தடியில் அதைப் பறக்கவிட்டேன். கப்பல் புகையைக் கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும் என்று எனக்கு வெறி. பொன்னிற நீர்மேல் ஒரு வட்டமடித்து, புறா வெளிச்சத்தில் கரைந்தது. நானும் பாதி மிதந்தபடியே சைக்கிளில் அன்புவழிபுரம் திரும்பினேன்.

வாசல் படலையடியில் நின்று போனில் சென்சர் அனுப்பிய வரைபடத்தைத் திறந்தால், புறா பறந்த வழி முழுக்கப் பச்சை. கடைசிப் புள்ளி மட்டும் நஞ்சுச் சிவப்பு. எங்கள் வீடு!

"என்னத்தையப்பா எரிக்கிறீர்?" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினேன்.

புறாக்கூட்டடியில் மனைவி சாம்பிராணித் தட்டோடு நின்றாள். "வெள்ளிக்கிழமையெல்லே. உங்கட புறாவுக்கும் காட்டினனான்."

வெண்புகைக்குள் புறா கண்மூடிச் சொக்கியிருந்தது.

அடுத்த வெள்ளி, அவள் தட்டோடு வருமுன் சென்சரை நானே கழற்றிவைத்தேன்.