சத்திரக்காரனுக்கு மூக்கு எப்படி?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதையும் ஒரு மூக்குக்காகச் செலவு செய்தோம். இல்லாத ஒரு மனிதனின் இல்லாத மூக்கு.

நேரானதா, வளைந்ததா, சப்பையா? கேட்டது கம்ப்யூட்டர். பதில் சொல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு விடாது. நான்கு பேர், நால்வரும் டிகிரி வாங்கியவர்கள், ஒரு மானிட்டரின் முன்னால் உட்கார்ந்து மூக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தோம். விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்கிறார்களே... இப்படித்தான் வளர்ந்திருக்கிறது.

நாங்கள் ஆடும் விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வயதில் பகடை உருட்டுகிறாயே என்று ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். அவர் வருத்தம் தொடரட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: மேஜையைச் சுற்றி உட்காருவோம். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். 'எதிரே கோட்டைச் சுவர்' என்பான் அவன். ஏறுவதா, சுற்றிப் போவதா என்பது நம் இஷ்டம். ஏறினால் பிழைப்போமா என்பது இருபது முகம் கொண்ட ஒரு பகடையின் இஷ்டம். பெரிய எண் விழுந்தால் நல்லது. போர்டு கிடையாது, காய் கிடையாது. வாய்தான் வேண்டும்.

எங்களுக்குக் கதை சொல்பவன் பாபு. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுவது அவன் வேலை. கட்டம் கட்டமாக நிரப்புவான். அந்தக் கட்டங்கள் அட்டையில் ஓட்டைகளாகித் தறிமேல் ஏறும். ஓட்டை சொன்னபடி தறி நூலைத் தூக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளி தூங்கப் போய்விடுவார். அந்த மாடி அறை எங்களுடையது.

போன ஆடியில் தொடங்கிய கதை இது. அதில் எங்களில் ஒருத்தியான சுமதிக்கு நாகி என்று ஒரு பாத்திரம். சுவரேறித் திருடுகிறவள். அவள் தம்பியை உப்பு வியாபாரிகள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவனைத் தேடித்தான் இத்தனை மாதமும் ஊர் ஊராக அலைகிறோம். நிஜ சுமதிக்குப் பூனாவில் வேலை கிடைத்துவிட்டது. போன ஞாயிறு சாயங்காலம் சென்னைக்கு பஸ், அங்கிருந்து ரயில். போனால் எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது.

"தம்பி இருக்கானா செத்தானா, எனக்குத் தெரிஞ்சாவணும் பாபு. தெரியாம என்னால போவ முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"முடிச்சிர்றேன்பா" என்றான் பாபு. முடித்தும் இருப்பான். நடுவில் அந்த சிடி வராமலிருந்தால்.

அதற்கு முன் அவனிடமிருந்த குறிப்புகள் எல்லாம் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்திலும் புடவை டப்பா மூடிகளிலும் இருந்தன. ஒருமுறை, நாங்கள் கொன்ற காவல்காரன் ஒருவனை மறந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து பேசவைத்துவிட்டான்.

"செத்தவன் எப்டிபா பேசுறான்?" என்றாள் சுமதி.

பாபு டப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "இவன் அவனோட ரெட்டை. அண்ணனைத் தேடிக்கினு வந்திருக்கான்" என்றான். வேடிக்கை என்னவென்றால், அந்த ரெட்டைதான் இந்தக் கதையிலேயே எங்களுக்கு ரொம்பப் பிடித்த ஆள். அவனுக்குப் பயந்து நாங்கள் ஓடிய ஓட்டம்தான் சிறந்த ஞாயிற்றுக்கிழமை.

பாபுவுக்கு மட்டும் அந்த மறதி அவமானம். சென்னையிலிருந்து யாரையோ பிடித்து ஒரு மென்பொருள் சிடி வாங்கிவந்தான். இந்த மாதிரிக் கதை நடத்துகிறவர்களுக்கென்றே செய்ததாம். ஊருக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஒரு பக்கம், யாருக்கு யார் சொந்தம் என்று கோடு. செத்தவன் பெயருக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளி. ரெட்டை பிறக்க வழியே இல்லை.

"எதுக்குடா இவ்ளோ?" என்றேன்.

"அட்டையில ஒரு ஓட்டை தப்பா வுழுந்துச்சுன்னா, அந்தத் தப்பு முழம் முழமா வரும். அப்புறம் யார் பதில் சொல்றது? எல்லாத்தையும் நெரப்பிட்டுத்தான் ஓட்டணும்."

புடவைக்குச் சரி. புடவையில் இருக்கும் அன்னம் திடீரென்று திரும்பி, 'நான் அந்தப் பக்கம் போகவில்லை' என்று சொல்லாது. எங்கள் விளையாட்டில் சொல்லும். அதைச் சொல்லத்தானே விளையாடுகிறோம்?

பாபு நிரப்பினான். வாரக்கணக்கில் நிரப்பினான். நாங்கள் போகவே போகாத ஒரு நாட்டின் சுங்க வரியை நிரப்பினான். பரீட்சைக்கு முன்னால் நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் டைம்டேபிள் போட்டு, சுவரில் ஒட்டி, படித்து முடித்த திருப்தியோடு தூங்கப்போவார்களே — அந்த ஜாதி.

போன ஞாயிறு சுமதி பையோடு வந்தாள். கதையில் ஒரு சத்திரத்தை அடைந்தோம். "சத்திரக்காரன்கிட்ட தம்பியப் பத்தி விசாரிக்கிறேன்" என்றாள்.

பாபுவின் முகம் மாறியது. சத்திரத்தை நிரப்பியிருந்தான். கூரையில் எத்தனை ஓடு என்பதுகூட இருந்தது. சத்திரக்காரனை நிரப்ப மறந்துவிட்டான்.

"ரெண்டே நிமிஷம்பா. டைப் அடிச்சிக்கினே இருக்கேன்."

உயரம். எடை. வழிபடும் தெய்வம். நட்சத்திரக் குறி போட்ட கட்டங்களை விட்டால் அந்தப் பக்கம் பதிவாகாது. கடைசியில் மூக்கு வந்தது.

"சப்பைன்னு போட்டுத் தொலைடா" என்றான் சீனு. எங்கள் குழுவில் நான்காவது ஆள், சின்ன காஞ்சிபுரத்துக்காரன். பொறுமையில் அவனை மிஞ்ச ஆளில்லை; அவனே இப்படி.

"கடலோரத்து ஆளுக்கு எப்டிடா சப்பை மூக்கு? அவங்க வம்சத்துக்கே வளைஞ்ச மூக்குன்னு ஏற்கெனவே போட்டுட்டேன். இடிக்குது."

மூக்கை மாற்றினால் வம்சம் மாறுகிறது. வம்சத்தை மாற்றினால் ஊர் மாறுகிறது. சுமதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாபு, உன் ஊர்ல எல்லாருக்கும் மூக்கு இருக்குது. என் தம்பிக்கு உசுரு இருக்குதா? அத மட்டும் சொல்லு."

பாபு திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "அது இன்னும் என்ட்ரி பண்ணலைபா."

அவள் படியிறங்கினாள். நானும் சீனுவும் பின்னால் போனோம். மென்பொருள்மேல் பழி போடாதே, ஆள்மேல் போடு என்பீர்கள். இரண்டின்மேலும் போடுகிறேன். கேள்வி கேட்கத் தெரிந்த மெஷினும் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத மனிதனும் சேர்ந்தால் ஒரு கதை என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவன் நான்.

பஸ்ஸில் சுமதிக்கு ஜன்னல் சீட்டு. பக்கத்தில் மாகறலிலிருந்து வந்த ஓர் அம்மாள், மடியில் பூக்கூடை. நாங்கள் மூன்று பேரும் பூனாவின் குளிரைப் பற்றிப் பேசினோம். வேறு எதைப் பேச?

டிரைவர் ஏறி உட்கார்ந்தபோது பாபுவின் மொபெட் வந்து நின்றது. கையில் ஒரு காகிதம்கூட இல்லை. சட்டைப் பையில் பகடை மட்டும்.

"நாகி" என்றான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. "சத்திரத்துக்குப் பின்னால ஒரு கெணறு. உள்ளயிருந்து ஒரு சத்தம்."

சுமதி அவனைப் பார்த்தாள். "யார் கொரலு?"

"உனக்குத் தெரிஞ்ச கொரலு."

"எறங்குறேன்."

"கயிறு பழசு. அறுந்தா ரெண்டு பேரும் காலி. பத்துக்கு மேல வுழணும்." பகடையை ஜன்னல் வழியாகக் கொடுத்தான்.

பூக்கூடை அம்மாள் பதறிவிட்டார். "யாரும்மா கெணத்துல?"

"என் தம்பிம்மா."

"தம்பிய கெணத்துல வுட்டுட்டு இங்க குந்திக்கினு இருக்கியே. எறங்கி ஓடும்மா."

கண்டக்டர் விசில் கொடுத்தார். சுமதி டிபன் பாக்ஸ் மூடிமேல் உருட்டினாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. பகடை எகிறி சீட்டுக்கு அடியில் போய்விட்டது. பாபு கூடவே ஓடினான். நாங்களும் ஓடினோம். அந்த அம்மாள் குனிந்தார், நிமிர்ந்தார், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பத்தொம்பதுன்னு போட்டிருக்குதுபா. நல்லதா, கெட்டதா?"

"நல்லதும்மா" என்றான் பாபு, மூச்சு வாங்க. "பையன் மேல வந்துட்டான்னு அவகிட்ட சொல்லுங்க."

பஸ் வளைவில் திரும்பும்வரை ஜன்னலில் சுமதியின் கை தெரிந்தது.

கையால் பொறுக்கி எடுத்த பகடையில் எந்த முகம் மேலே இருந்தது என்று யார் கண்டார்கள்? முழம் முழமாகத் தப்பு வருமே என்று பயப்படுகிற பாபு, அதைக் கேட்கவே இல்லை.

மாடிக்குத் திரும்பி வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் திரை அணையாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. இன்னமும் அந்த மூக்குக்காகக் காத்துக்கொண்டு.