எலிவளையைக் காட்டாமல் போனவள்

1. படம்

லீவில் வந்த ஆறாம் நாள். சம்பா நடவு ஆட்களுக்கு டீ எடுத்துக்கொண்டு வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் என் மகள் யாழினி டம்ளர்களோடு வந்தாள். அப்போது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. வீங்கி, கருநீலம் பாய்ந்த ஒரு கிழவரின் இடது கை. முகம் படத்தில் இல்லை. அந்தக் கையைத் தெரிந்துகொள்ள எனக்கு முகம் தேவையும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் வீதம் மூன்று வருஷம் நான் ஊசி போட்ட கை அது, அபூ சாலிமுடையது.

நான் வளைகுடாவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் நர்ஸ். சிறுநீரகம் போனவர்களுக்குக் கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஒரு இரத்த வழி உண்டாக்குவார்கள். அதன் பெயர் ஃபிஸ்டுலா. அதில்தான் இரண்டு ஊசி போட்டு மெஷினில் இணைப்போம். ஊசி நரம்பைத் தாண்டிக் குத்திவிட்டால் இரத்தம் வெளியே கசிந்து கை வீங்கும். வழி அடைத்துப்போனால் திரும்ப ஆபரேஷன். அபூ சாலிமுக்கு வலது கையில் ஏற்கெனவே ஒன்று அடைத்துப்போயிருந்தது. மிச்சம் இருந்தது இந்தக் கை மட்டும்.

மூன்று வருஷமாக நான் லீவு எடுக்கவில்லை. நிர்வாகம் விடவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒவ்வொரு வருஷமும் ஃபார்மை நிரப்புவேன். யாராவது ஒரு நோயாளி, “வசந்தி, நீ போய்விட்டால் எனக்கு யார் ஊசி போடுவது?” என்பார். ஃபார்ம் டிராயருக்குள் போய்விடும். இவர்களை மெஷினில் விட்டுவிட்டு நான் ஊரில் இலை போட்டுச் சாப்பிடுவதா என்று மனசு குத்தும். கடைசியில் வந்து இறங்கிய அன்று, ஒன்பது வயது யாழினி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எப்பம்மா திரும்பிப் போற?” என்பதுதான். அது வேறு குத்தியது.

2. போன்

“ஏங்க, டிக்கெட்ட மாத்துங்க. நாளைக்கே கிளம்புறேன்” என்று வரப்பிலிருந்தே என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் சேற்றில் நின்றபடி என்னைப் பார்த்தார். யாழினி டம்ளர்களை வரப்பில் வரிசையாக வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

யூனிட் இன்சார்ஜ் லில்லி அக்கா திருச்சிக்காரர். படத்தை அனுப்பியதும் அவர்தான். போன் போட்டேன்.

“நான் லீவு போட்டதால வந்த வினைக்கா. வந்துடறேன்.”

“வந்து? வீக்கத்த ஊதி விடப் போறியா? ஐஸ் வச்சாச்சு. கழுத்துல தற்காலிகமா டியூப் லைன் போட்டு, மெஷின்ல இணைச்சாச்சு. ஏம்மா, அந்தக் கையில மேல் ஊசிய இடப்பக்கம் சாய்ச்சுப் போடணும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்க்கா. தழும்புக்கு மேல நரம்பு வளைஞ்சு போகும்.”

“ஃபைல்ல எழுதினியா? ஜாய்கிட்ட சொன்னியா?”

ஜாய் என் இடத்தில் வந்த ஃபிலிப்பைன்ஸ் பெண். அவளிடம் மருந்து அலமாரிச் சாவியைக் கொடுத்தேன், மெஷின்களைக் காட்டினேன். கைகளைக் காட்டவில்லை.

“சொல்லலக்கா.”

“அப்ப உன் லீவு மேல பழி போடாத. ஒழுங்கா உக்காந்து எழுதி அனுப்பு.”

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்து என்னை அழைத்துவந்த நாள் நினைவுக்கு வந்தது. அரை நாள் வயலை விட்டு வருவதற்கு, பக்கத்து வயல்காரரை வரப்பில் ஒரு சுற்று கூட்டிப் போய்விட்டுத்தான் வந்திருந்தார். ஊருக்குப் போகிறவர்கள் அப்படிச் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். “இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” என்று காரில் சிரித்தேன். “வடக்கு மூலைல எலிவளை இருக்கு, அடைச்சாலும் கசியும். அதக் காட்டாம வந்துட்டு, தண்ணி வடிஞ்சா அவரக் குத்தம் சொல்ல முடியுமா?” என்றார்.

நான் எலிவளையைக் காட்டாமல் விமானம் ஏறியவள். ஏன் காட்டவில்லை? மறதி இல்லை. ‘வசந்தி கை பட்டால் வலிக்காது’ என்று அவர்கள் சொல்வது எனக்கு வேண்டியிருந்தது. சேவை என்று நான் நினைத்ததில் பாதி இந்தப் பெருமைதான். வெட்கமாக இருந்தது.

டிக்கெட்டை மாற்றவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, பதினான்கு நோயாளிகளுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினேன். எந்த நரம்பு எங்கே வளையும், யாருக்குப் பிரஷர் திடீரென இறங்கும், யார் வலியைச் சொல்லமாட்டார் என்றெல்லாம் படம் வரைந்து அனுப்பினேன். யாழினிதான் கலர் பென்சில் கொடுத்தாள்.

3. அவர் கேட்டது

இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. வழி அடைக்கவில்லை. ஜாய் முதல் முறை திரும்ப ஊசி போட்ட அன்று என்னை வீடியோவில் வைத்துக்கொண்டாள். நான் வாயே திறக்கவில்லை. நான் எழுதிய பக்கத்தைப் பார்த்து அவளே சாய்த்துப் போட்டாள். மெஷின் ஓடியது.

அபூ சாலிம் போனை வாங்கினார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பார்த்தது என் தோளை ஒட்டி நின்ற யாழினியை. அரபியில் கேட்டார்:

“யார் அது?”

“என் மகள்.”

அவளையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “மூன்று வருஷமாக நீ ஊருக்கே போகவில்லை. உனக்கு வீட்டில் யாரும் இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன். தெரிந்திருந்தால் போகாதே என்று சொல்லியிருப்பேனா?”

அன்று வாய்விட்டு அழுதேன். ஊரில் எல்லாரும் இருந்தும், யாரும் இல்லாதவளாக அங்கே வாழ்ந்திருக்கிறேன்.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். லீவு போடக் கூசாதீர்கள். தெரிந்ததைச் சொல்லாமல் போகத்தான் கூச வேண்டும். இப்போது லீவுக்கு ஒரு வாரம் முன்பே ஜாயைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப் போகிறேன். ஒவ்வொரு கையிலும் அவள் விரலை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அவள் லீவு போடும்போது என்னை அப்படிக் கூட்டிப் போகிறாள். நான் இல்லாதபோதும் மெஷின்கள் ஓடுகின்றன. முதலில் அது கொஞ்சம் வலித்தது, மறைப்பானேன்.

வருஷம் தவறாமல் நடவுக்கு வந்துவிடுகிறேன். போன முறை வாசலில் இறங்கியதும் யாழினி எப்போது போகிறாய் என்று கேட்கவில்லை. கையில் டம்ளர்களைக் கொடுத்து, “சீக்கிரம் வாம்மா, ஆளுங்க காத்திருக்காங்க” என்றாள்.