கற்பூரம் சுடாத கை

எல்லப்பனை நல்லவன் என்று எழுத எனக்கு மனம் வராது. வாயைத் திறந்தால் வசவுதான். படி ஏற முடியாத பக்தர்களை மூங்கில் கட்டிய நாற்காலியில் உட்காரவைத்துத் திருத்தணி மலைக்குச் சுமந்து போகும் டோலிக்காரன் அவன். கூடச் சுமப்பவர்களில் அவனோடு சண்டை போடாத ஆள் கிடையாது. யாராவது வரிசை தாண்டி சவாரி பிடித்தால் போதும், தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவழியில் நின்றுவிடுவான். அப்படிப்பட்டவனைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஊர் விழுந்து விழுந்து கும்பிட்ட ஆளின் கதையும் இதில்தான் வருகிறது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. டோலிக்காரர்களுக்கு மேஸ்திரி பரசுராமன். எல்லப்பன் மனைவி கௌரிக்குக் கூடப்பிறந்த அண்ணன். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டான். யார் வந்தாலும் வா, உட்கார் என்பான். எண்ணெய் தடவினாற்போல முகம் மினுமினுக்கும். காது மடல் இரண்டும் தடித்துத் தொங்கும். புருவம் உதிர்ந்த இடத்தை விபூதிப் பட்டை மறைத்துக்கொள்ளும். கிருத்திகைக்குக் கிருத்திகை உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, அது எரிந்து அணையும்வரை முகம் சுளிக்காமல் நிற்பான். மறுநாள் அந்தக் கை கொப்பளித்திருக்கும். அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். முருகன் அவன் உடம்பில் குடியிருக்கிறான் என்று பேச்சு. மொட்டை போட வந்த குடும்பத்தில் தாய்மாமன் இல்லையென்றால், பரசுராமனைத் தேடிப் பிடித்து அவன் மடியில் குழந்தையை உட்காரவைப்பார்கள். அவனும் முத்தம் கொடுத்துக் கொஞ்சி அனுப்புவான்.

எல்லப்பனின் இடது முழங்காலுக்குக் கீழே வெளிறிய படை ஒன்று வெகுகாலமாக இருந்தது. கிள்ளினால் தெரியாது. அவனும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தச் சித்திரையில் அது திடீரென்று செக்கச்செவேலென்று தடித்தது. காய்ச்சல் அடித்தது. முழங்காலின் வெளிப்புறம் கம்பி இழுப்பதுபோல வலித்தது. அப்படியும் டோலிக்குத் தோள் கொடுத்தான். பாதி மலையில் பாதம் தூக்க வரவில்லை. விரல் படியில் தட்டி, டோலி சாய்ந்து, உள்ளே இருந்த அம்மாள் உருண்டாள். அவளைத் தூக்குவதற்கு முன்னால் இவன் காலைத்தான் பார்த்தார்கள்.

"அடப்பாவி, பெருவியாதிடா! இத்தினி நாளா தோளோட தோளு சேத்துகினு இருந்தியா?"

செருப்பு வந்தது, கல் வந்தது. பரசுராமன் மட்டும் கல் எடுக்கவில்லை. அவன் செய்ததுதான் பெரிய அடி.

"எல்லப்பா, இனிமே மலைப்பக்கம் வராத. கௌரியும் கொழந்தையும் என் வூட்ல இருக்கட்டும். மணிக்கு இன்னும் பல்லுகூட மொளைக்கல. அத்தக் காப்பாத்தணுமில்ல?"

எவ்வளவு பெரிய மனசு என்று ஊரே மெச்சியது. கௌரி குழந்தை மணியம்மையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். எல்லப்பன் ஊருக்கு வெளியே, ரயில் பாதையோரம் ஒரு கீற்றுக் கொட்டகையில் கிடந்தான். கஞ்சி ஊற்றக்கூட எவனும் எட்டிப்பார்க்கவில்லை.

அரக்கோணம் சாலையில் ஒரு புளியமரத்தடியில் வாராவாரம் வியாழக்கிழமை மிஷன் டாக்டர் ஒருவர் பெருவியாதிக்காரர்களைப் பார்த்துவந்தார். சத்தியநாதன் என்று பெயர். எல்லப்பன் காலை இழுத்துக்கொண்டு அங்கே போனான். டாக்டர் முழங்கால் ஓரத்து நரம்பை அழுத்த, இவன் அவருடைய தாயாரைத் திட்டினான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காது மடலைக் கீறிக் கொஞ்சம் சதைநீர் எடுத்துக்கொண்டார். தொங்கிப்போன பாதத்துக்கு மரப்பட்டை வைத்துக் கட்டி, காலை அசைக்காமல் வைத்துக்கொள் என்று அனுப்பினார். அடுத்த முறை போனபோது முடிவு தெரிந்திருந்தது.

"உன் காதுல ஒரு கிருமிகூட அகப்படலே" என்றார்.

"அப்பொறம் இந்தக் காய்ச்சலு, வீக்கமெல்லாம் இன்னா சார்?"

"அது உன் உடம்பு பண்ற வேலை. உன்னுது சண்டைக்கார உடம்பு. கிருமி கொஞ்சந்தான், நரம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அதை அடிக்கிற ஆத்திரத்துல உன் உடம்பு நரம்பையும் சேத்து நசுக்கிடுச்சு. கால் விழுந்தது அதனாலதான்."

எல்லப்பன் சிரித்தானாம். பிறந்ததிலிருந்து அவன் செய்ததும் அதுதானே. பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டான். "என்னால எங் கொழந்தைக்கு வருமா சார்?"

"உன்னால வர்றது அபூர்வம். வேற வகை உடம்பு ஒண்ணு இருக்கு, பயப்படணும்னா அதுக்குத்தான் பயப்படணும். அது சண்டையே போடாது. கிருமி வந்தா இருந்துட்டுப் போன்னு விட்டுடும். உள்ள கோடி கோடியாப் பெருகும். காய்ச்சல் வராது, வலி தெரியாது, வருஷக்கணக்கா யாருக்கும் சந்தேகம் வராது. முகம் பளபளன்னு இருக்கும். காது தடிக்கும், புருவம் உதிரும், கை மரத்துப்போகும். மூக்குச்சளியிலேயே கிருமி கொட்டும். அப்படிப்பட்ட ஆள் இருக்கிற வீட்ல பச்சைக் குழந்தை இருக்கவே கூடாது."

கற்பூரம் எரிகிற உள்ளங்கை அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. டாக்டர் காலில் கட்டை மாற்றிக் கட்டி முடிப்பதற்குள் எழுந்துவிட்டான்.

நேரே பரசுராமன் வீட்டுக்குப் போய்த் தெருவில் நின்று கத்தினான். குழந்தையை வெளியே கொண்டு வா, உன் அண்ணனுக்குத்தான் வியாதி என்றான். கௌரி கதவைத் திறக்கவே இல்லை. ஜன்னல் வழியாகப் பேசினாள்.

"ஒன் அழுக்க சாமி குடியிருக்கிற ஒடம்பு மேல பூசறியா? நீயெல்லாம் மனுசனா? போய்த் தொல!"

அண்டை அயலார் சாணித் தண்ணீரைக் கரைத்து அவன் மேல் கொட்டினார்கள். மேஸ்திரியைப் பார்க்கச் சொல்லி டாக்டரைக் கெஞ்சினான். அவர் வந்து கேட்டும் பார்த்தார். முருகன் இருக்கும்போது எனக்கு எதுக்குய்யா மருந்து என்று பரசுராமன் சிரித்தபடியே வழியனுப்பிவிட்டான். குழந்தையோ நாள் முழுக்க அவன் மடியில்தான் கிடந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு மணியம்மைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்பாடு. சரவணப் பொய்கைக் கரையில் காவடிக் கூட்டம் நெரிந்தது. பரசுராமன் மடியில் குழந்தை சந்தனம் பூசின தலையோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஆசாரி தட்டில் ஊசியை எடுத்து வைத்திருந்தார். எல்லப்பன் காலில் மரப்பட்டையோடு தாங்கித் தாங்கி வந்தான். அவன் மேல் பட்டுவிடக் கூடாதென்று கூட்டம் இரண்டாகப் பிளந்தது. அவனை விரட்டிய அதே அருவருப்பு அன்றைக்கு அவனுக்கு வழிவிட்டது.

"டேய், கொழந்தையத் தொடாத!" பரசுராமன் இடது கையால் குழந்தையைச் சுற்றி வளைத்துக்கொண்டு, டோலிக்காரர்கள் பக்கம் முகத்தைத் திருப்பினான். "பாத்துகினு நிக்கிறீங்களே, இழுத்துப் போடுங்கடா!"

எல்லப்பன் குழந்தையைத் தொடவில்லை. தட்டிலிருந்த ஊசியை எடுத்து, வளைத்திருந்த அந்த முன்கையில் இறக்கினான்.

பரசுராமன் இழுத்துப் போடுங்கடா என்றே கத்திக்கொண்டிருந்தான். இழுக்க வந்தவர்கள் வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஊசி பாதிக்குமேல் சதைக்குள் இறங்கி நிமிர்ந்து நின்றது. ரத்தம் வழிந்து அவன் வேட்டியில் சொட்டியது. எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, வழக்கம்போலச் சிரித்தான். குனிந்து குழந்தையின் கன்னத்தில் முத்தம் கொடுத்தான்.

"அண்ணா... கையி" என்றாள் கௌரி.

"கைக்கு இன்னாம்மா?"

அவள் குழந்தையை அவன் மடியிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, பின்னுக்கு நடந்து வந்து எல்லப்பன் பக்கம் நின்றாள். மடி காலியான பிறகுதான் பரசுராமன் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எப்படா குத்தின?" என்று கேட்டான்.

"இப்பத்தான் பாவா" என்றான் எல்லப்பன். அந்த மச்சானிடம் வாழ்நாளில் வசவு கலக்காமல் அவன் பேசிய ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கூட்டம் அதற்குள் விலக ஆரம்பித்திருந்தது. பெருவியாதி, பெருவியாதி என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் குனிந்து கல்லைப் பொறுக்கினான். பரசுராமன் ஊசியைப் பிடுங்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தான். சண்டை போட அவனுக்குத் தெரியாதே.

எல்லப்பன் விழுந்துபோன காலை இழுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றான். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான்.