நீலமாகாத உப்பு

என் மகள் முதற்பிள்ளைக்கு முழுகாமல் இருக்கிறாள். அவளைப் பார்க்க வந்த மருத்துவமாது, எங்கள் வீட்டுப் போத்தலில் இருந்த கல்லுப்பில் ஒரு சொட்டு மருந்து விட்டார். அயடின் இருந்தால் நீலமாகுமாம். ஆகவில்லை.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கொதித்து, பிரிக்காத உப்புப் பக்கட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். மருத்துவமாது என்னை மறித்து, அதைப் பிரித்து அந்த உப்பிலும் ஒரு சொட்டு விட்டார். உடனே நீலமானது.

“ராத்தா, நீங்க உப்பக் கழுவுறயா?”

“ஓம் மிஸ். மண் போக ரெண்டு மூணு தண்ணியில அலசி, காயவெச்சித்தான் போத்தல்ல போடுற” என்றேன் பெருமையோடு.

“வயித்துப் புள்ளட மூளைக்குத் தேவையான அயடினும் அந்தத் தண்ணியோட போயிட்டே!”

இப்போது பக்கட்டைப் பிரித்து, அப்படியே போத்தலில் கொட்டி மூடுகிறேன். கறுப்பாக ஒரு துகள் கண்டால் கை துருதுருக்கிறது. மகளின் வயிற்றைப் பார்த்து அடக்கிக்கொள்கிறேன்.