பல்லி நுழையாத பவர் சப்ளை

கணினியின் பின்பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம். திரை இருண்டது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. கார்ப் பந்தய விளையாட்டின் கடைசிச் சுற்றில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, “இன்னாடா, வண்டி நின்னுபோச்சு?” என்றாள்.

கணினியின் வெளிக்கூடான கேபினட்டைக் கழற்றினேன். வீட்டுக் கரண்டை வாங்கிக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் இரும்புப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கும். புத்தகத்தில் அதற்குப் பவர் சப்ளை என்று பெயர், கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். அதைத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி, பாதி கருகிக் கிடந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். அதை ஒரு தாளில் ஏந்திக் கொல்லைப்புறம் கொண்டுபோனாள். அன்று மாலை அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை.

நாங்கள் ஜைனர்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருக்கும் தமிழ் ஜைனர்கள். சொன்னால் நம்பாமல் என்னிடம் இந்தியில் பேச ஆரம்பித்தவர்கள் உண்டு. பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து வடிகட்டாமல் தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர் வயிற்றுக்குள் போய்விடக்கூடாது. சென்னையில் இருந்த வருஷங்களில் இதையெல்லாம் நான் காற்றில் பறக்க விட்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் எல்லாம் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டன.

வீட்டுக்குத் திரும்பிய கதையும் பெருமைக்குரியது அல்ல. தொழில் மந்தம் வந்த வருஷத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் கழித்துக் கட்டியது. முதல் வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். பெட்டி படுக்கையோடு ஆரணிக்கு வந்து இறங்கினேன். படுக்கையைவிடப் பெரிய பெட்டி அந்தக் கணினிதான். கை நிறையச் சம்பளம் வந்த காலத்தில், நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டு விளையாடுவதற்கென்றே சேர்த்தது. பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் செய்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத பொருள்தானே என்ற நினைப்பு.

அப்பா நான் படிக்கும்போதே போய்விட்டார். அக்காவைத் தேசூரில் கொடுத்திருந்தோம். வீட்டில் அம்மாவும் நானும்தான். பஜார் பக்கம் போனால் பட்டுக் கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள், “இன்னா தம்பி, லீவா?” என்பார்கள். முதல் மாதம் லீவு என்றேன். இரண்டாவது மாதம் போவதையே விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு விசைத்தறி நாளெல்லாம் ஓடும். எங்கள் சுவரும் சேர்ந்து அதிரும். ஊரே உழைத்துக்கொண்டிருக்க, சுவருக்கு இந்தப் பக்கம் நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

காரைத் தவிர வேறு விளையாட்டு போட முடியாது. துப்பாக்கியால் சுடும் விளையாட்டு ஒன்றை ஒருமுறை போட்டேன். அம்மா பார்த்துவிட்டாள். “பொம்மைம்மா” என்றேன். “அது பொம்மையா இருந்தா இன்னா, சுடுற கை உன்னுதுதானே” என்றாள். அதோடு அது போயிற்று. கார் அவளுக்குப் பிடித்தது. வளைவு வந்தால் நாற்காலியில் அவளும் சாய்வாள். யார் மீதாவது இடித்தால் “பாத்துப் போடா, அவனும் புள்ளகுட்டிக்காரன்” என்பாள். சாயங்காலம் சமையலை முடித்துவிட்டு வந்து உட்காருவாள். அந்த நாளில் எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது அந்த நேரத்தில்தான்.

பல்லி செத்ததற்கு அம்மா உபவாசம் இருந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. “மெஷின் என்னுது, பாவமும் என்னுது, நான் பட்டினி கெடக்கறேன், நீ சாப்பிடு” என்று கத்தினேன்.

“நீ பசி தாங்க மாட்ட கண்ணு” என்றாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோற்றுக்கு அழுதவனை அவள் மறக்கவில்லை.

உள்ளூர்க் கடையில் மலிவாக இன்னொரு எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் போட்டேன். மழைக்காலம் வந்தது. மறுபடியும் ‘டப்’. மறுபடியும் பல்லி. இந்த முறை அம்மா உபவாசத்தை இரண்டு நாளாக்கினாள். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கியிருக்கிறாள். குழாயடியில் மயங்கி விழுந்து கிடந்தாள். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னைப் பிடித்துத் திட்டினார். இன்னொரு முறை இப்படி நடந்தால் கொண்டுவராதீர்கள், வந்தாலும் பிரயோஜனம் இருக்காது என்றார்.

தேசூரிலிருந்து அக்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். வந்ததும் கணினியைக் காட்டி, “ஜல்தியா அத தூக்கித் தெருவுல போடு. உனக்கு அம்மா வேணுமா, காரு வேணுமா?” என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். உள்ளே படுத்திருந்த அம்மாவின் குரல் கேட்டது.

“வேணாம்டி. அத எடுத்துட்டா அவன் இன்னா பண்ணுவான்? செவுத்தயே பாத்துகினு உக்காந்திருப்பான். வேல போன நாள்லேர்ந்து அவன் சிரிக்கறதே அந்தக் காரு ஓட்டறப்பதான்.”

அழுகையை அடக்க முடியவில்லை. என் சிரிப்பு அவள் கண்ணில் பட்டிருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கணினியை விற்றாலும் அவளுக்கு வருத்தம், வைத்திருந்தாலும் உயிருக்கு ஆபத்து. பல்லி நுழைய முடியாத பவர் சப்ளை ஒன்று எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பல்லி ஏன் வருகிறது என்று பார்த்தேன். மலிவுப் பெட்டியிலிருந்து ஒரு கற்றை ஒயர் பிரிக்க முடியாதபடி வெளியே வரும். அதில் பாதிதான் தேவைப்படும். மீதியை ரப்பர் பேண்டு போட்டுக் கேபினட்டின் மூலையில் திணித்துவிடுவார்கள். இருட்டு, கதகதப்பு, ஒளிய இடம். பல்லிக்கு வேறென்ன வேண்டும்? ஒயர்களுக்கு நடுவில் இரண்டு வெள்ளை முட்டைகள்கூட இருந்தன. அம்மா அவற்றைத் தாளில் வைத்துப் பரண்மேல் ஏற்றினாள். மாடுலர் என்று ஒரு வகை உண்டு என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். ஒயர்கள் தனித்தனியாக வரும். தேவையானதை மட்டும் சொருகிக்கொள்ளலாம். மூட்டை கட்டி மூலையில் திணிக்க ஒன்றும் மிஞ்சாது.

சென்னைக்குப் பஸ் ஏறி கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். சட்டைப் பையில் ஒரு பென்சில் இருந்தது. பல்லிக் குஞ்சின் தலை கிட்டத்தட்ட அந்தப் பருமன்தான் இருக்கும் என்று வீட்டுச் சுவரைப் பார்த்து முடிவு செய்திருந்தேன்.

“எத்தினி வாட் வேணும் சார்?” என்றார் கடைக்காரர்.

“ஓட்டை சின்னதா இருக்கணும்.”

“இன்னா ஓட்டை?”

“காத்து வெளிய வர்ற ஓட்டைங்க. பல்லி நுழையக்கூடாது.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கேம் ஆடறவங்க ஆயிரம் கேள்வி கேப்பாங்க சார். இந்தக் கேள்விய இன்னிக்கிதான் கேக்கறேன்” என்று சிரித்தார். ஆனால் நல்ல மனிதர். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து வைத்தார். நான் பின்பக்கச் சல்லடையில் பென்சிலை நுழைத்துப் பார்த்தேன். நுழைந்தவை தள்ளுபடி. மலிவுப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்து, தூக்கிப் பார்க்கச் சொன்னார். எடையே இல்லை. அதன்மேல் ஒட்டியிருக்கும் வாட் எல்லாம் கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளைச் சம்பளம் போல, பாதிதான் நிஜம் என்றார். என் கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, அதற்குமேல் கொஞ்சம் இடம் விட்டு, கனமான ஒரு மாடுலரைக் காட்டினார். பென்சில் நுழையவில்லை. வேலை போனபோது வந்த பணத்தில் மிச்சமிருந்ததை அங்கேயே வைத்துவிட்டு, ஆரணி வரை அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

வேண்டிய ஒயர்களை மட்டும் சொருகினேன். கேபினட்டின் உள்ளே வெட்டவெளியாக இருந்தது. அம்மா குனிந்து பார்த்து, “இப்பதான் வூடு மாதிரி இருக்குது” என்றாள். பிறகு பின்பக்கச் சல்லடையைத் தடவினாள்.

“பல்லி வராது, சரி. பூச்சி?”

“இன்னா பூச்சி?”

“கொசு, ஈசல், கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இருக்குது இல்ல?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “கொசுவுக்கெல்லாம் நீ பட்டினி கெடப்பியா? பேஜார் பண்ணாதம்மா!” என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வண்டியை எடுக்கச் சொன்னாள்.

சில நாள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு புது வியாதி. ஆட ஆரம்பித்து அரைமணி நேரம் போனால் கணினி தானாக அணைந்துவிடும். கொஞ்சம் ஆறவைத்தால் மறுபடி ஓடும். ரிச்சி தெருவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அந்த நல்ல மனிதர், “சூடு ஏறுனா அது தன்னைத்தானே நிறுத்திக்கும் சார், கழட்டிக் கொண்டாங்க, மாத்தித் தரேன்” என்றார்.

கழற்றுவதற்காகக் கேபினட்டைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். பவர் சப்ளையின் சல்லடைமேல் ஒரு வெள்ளைத் துணி, இரண்டாக மடித்து, நான்கு மூலையிலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. ஓரம் சுருக்குத் தையல். தண்ணீர் வடிகட்டும் துணி. அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்தது. சூடான காற்று வெளியேறும் ஒரே வழியை அம்மா அடைத்து வைத்திருந்தாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் எரிச்சல்தான் வந்தது, பொய் சொல்வானேன். துணியைப் பிய்க்கக் கை போயிற்று. பிய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பெட்டிக்குள் சுழலும் விசிறியில் போய் மாட்டும் ஒவ்வொரு கொசுவையும் அவள் கணக்கில் வைப்பாள். கணக்கைத் தன் சோற்றில் கழிப்பாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கேபினட்டைப் பழையபடி சுவரோடு தள்ளி வைத்தேன். கடைக்காரருக்குப் போன் போட்டு, சரியாகிவிட்டது என்று பொய் சொன்னேன்.

அப்புறம்தான் கவனித்தேன். மதியம் கரண்டு போகும் நேரத்தில், தறிச் சத்தம் நின்று தெருவே அமைதியாகிவிடும். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு அம்மா கேபினட்டை மெல்ல நகர்த்துவாள். துணியை எடுத்துக்கொண்டுபோய் கொல்லைப்புற முருங்கை அடியில் பதமாக உதறுவாள். அதில் ஒட்டியிருப்பது எதுவாக இருந்தாலும் அங்கே போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும். பிறகு அலசிக் காயவைத்து, கரண்டு வருவதற்குள் ஒட்டிவிடுவாள்.

கணினி அரைமணியில் நின்றுபோவது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “அதுக்கே தெரியுது பாரு, போதும்னு நின்னுடுது. உனக்குத்தான் தெரியல. எழுந்திரு, பொழுது சாயுது, சாப்புடலாம்” என்பாள். இருட்டுவதற்குள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் சாப்பிடுகிறாளா என்று நான் பார்ப்பேன். நான் சாப்பிடுகிறேனா என்று அவள் பார்ப்பாள். மூச்சு முட்டிப் பாதியில் நிற்கும் அந்த இயந்திரத்தால்தான் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அந்த வீடு ஒழுங்காக நடந்தது.

அடுத்த மழைக்கு அம்மாவின் காலில் ஒரு புண் வந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு வரும் புண். வேலூரில் சேர்த்தோம். விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள். புண் ஏறிக்கொண்டே போனது. அவள் திரும்பி வரவில்லை. வந்தது அவள் உடம்புதான்.

காரியம் எல்லாம் முடிந்து அக்கா தேசூருக்குப் போனாள். சாதத்தை வடித்து, குழம்பும் வைத்து மூடிவிட்டுத்தான் போனாள். சாயங்காலம் பழக்க தோஷத்தில் கணினியின் முன்னால் உட்கார்ந்து காரை எடுத்தேன். ஒரு சுற்றுகூட முடியவில்லை, அணைந்துவிட்டது. ஆறவைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படியே. அரைமணி ஓடியது எப்படி இவ்வளவு குறைந்தது என்று கேபினட்டை நகர்த்திப் பார்த்தேன்.

துணி சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் வேலூருக்குப் போன நாளிலிருந்து அதை யாரும் அலசவில்லை. தூசியோடு தூசியாகச் சின்னஞ்சிறு இறக்கைகள் ஒட்டியிருந்தன.

பிளாஸ்திரியை மூலை மூலையாகப் பிரித்துத் துணியை எடுத்தேன். முருங்கை அடிக்குக் கொண்டுபோய் உதறினேன். அலசிக் கொடியில் போட்டேன். ஈரம் காய்வதற்குள் வந்து காரை ஓட்ட ஆரம்பித்தேன். இப்போது அது நிற்கவில்லை. காற்று தாராளமாகப் போய் வந்தது. பந்தயத்துக்குமேல் பந்தயம் ஓடிற்று. வளைவு வரும்போது பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். எப்போது போதும் என்று அது நிற்கும், நான் எப்போது எழுந்திருப்பேன் என்று காத்துக்கொண்டே ஓட்டினேன்.

அது கடைசிவரை நிற்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டியிருந்தது. அக்கா வைத்துவிட்டுப் போன சோறு அடுப்படியில் மூடியபடி இருந்தது. பொழுது சாய்ந்தபின் அதைத் தொட முடியாது.

அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடத் தோன்றவில்லை. அம்மா சொன்னது தப்பு. பசியை நான் தாங்கிவிட்டேன்.