இடப்பக்கம் சாய்ந்த கம்பளம்

தறிக்கூடத்தில் எல்லாரும் அவளை ‘இடக்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வலக்கையில் கொடுத்தால் ஊசிகூட கோபித்துக்கொண்டு கீழே விழும். நூல் அறுக்கும் கத்தியைக்கூட, கொல்லரிடம் மல்லுக்கு நின்று, மறுபக்கம் சாணை பிடித்து வாங்கி வைத்திருந்தாள்.

மூலையில் இருந்த சின்னத் தறி பதினோரு வருடமாக அவளுடையது. ஒருத்தி மட்டும் உட்காரும் தறி. வாசலில் போடும் சிறு கம்பளங்களாக நெய்து தள்ளினாள். கண் மட்டும் நடுக்கூடத்துப் பெரிய தறியின் மேலேயே இருந்தது. இருவர் அருகருகே உட்கார்ந்து பத்தடிக் கம்பளம் நெய்யும் தறி அது. அதில் உட்கார்ந்தால்தான் நெசவுக்காரி என்பது அவள் எண்ணம்.

ஒருநாள் அதில் ஓர் இடம் காலியானது. கூடத்தை நடத்தும் பெரியக்கா அவளைக் கூப்பிட்டாள்.

"உக்காந்து பாரு. சரியா வந்தா எடம் உனக்கு. இல்லேன்னா மூலைக்கே போயிடணும்."

பக்கத்து இடத்தில் ஏற்கெனவே இருந்தது யார் என்கிறீர்கள்? அவளுடைய நாத்தனார்.

"வாங்க அண்ணி. வீட்டுல பாத்தது போதாதுன்னு இங்கயுமா?"

"உன் மூஞ்சியப் பாக்க வரல. நூலப் பாக்க வந்தேன்."

முடிச்சு முடிச்சாகக் கம்பளம் ஒரு முழம் வளர்ந்ததும் பெரியக்கா மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பளி முடியைச் சமமாகக் கத்தரித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். முகம் மாறியது. நடுவில் வகிடு எடுத்ததுபோல் ஒரு பாதி அடர்சிவப்பு, மறுபாதி வெளிறிய சிவப்பு. ஒரே பானையில் சாயம் தோய்த்த நூல்தான்!

பெரியக்கா தடவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாத்தனார் வலக்கையால் போட்ட முடிச்சில் கம்பளி முடி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இடக்கை போட்டதில் இடப்பக்கம். இரண்டிலும் வெளிச்சம் வேறு வேறாக விழுந்தது. தனியாக நெய்தவரை இதை யாரும் கவனிக்க வழியில்லை.

"பிரிச்சுடுங்க. வாரம் முடியறதுக்குள்ள ஒரே மாதிரி வரணும்."

மூன்று நாள் வலக்கையால் போராடினாள். நாத்தனார் முப்பது முடிச்சு போடும் நேரத்தில் அவள் எட்டு போட்டாள். அந்த எட்டிலும் மூன்று கழன்று விழுந்தன. நாலாம் நாள் காலை, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். இந்த இடத்துக்குத் தான் லாயக்கில்லையா, இல்லை இடம்தான் தனக்குப் பொருந்தவில்லையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"எழுந்து ஓடலாம்னு பாக்குறீங்களா?" என்றாள் நாத்தனார்.

"வேற என்ன செய்ய? என் கை இப்படித்தான் பொறந்துச்சு."

"என் கை மாறினா ஆகாதா? அந்தக் கத்தியக் குடுங்க."

"விரல அறுத்துக்கிட்டு உங்கண்ணன்கிட்ட என்னத்தான் குத்தம் சொல்லுவ."

"சொல்லுவேன்தான். மொதல்ல முடிச்சக் காட்டுங்க."

நாத்தனாருக்குக் கையும் வாயைப் போலத்தான், எந்தப் பக்கமும் திரும்பும். போட்டதையெல்லாம் பிரித்துவிட்டு அவளும் இடக்கையால் போட ஆரம்பித்தாள். அன்று சாயங்காலத்துக்குள், முன்பு முப்பது போட்ட நேரத்தில் இருபது முடிச்சு போடும் வேகம் வந்துவிட்டது. "இடக்கைக்கு வாரிசு வந்தாச்சு!" என்று கூடமே சிரித்தது.

வாரக் கடைசியில் பெரியக்கா மறுபடி கத்தரித்தாள். வாசலில் நின்று பார்த்தாள், ஜன்னலோரம் போய்ப் பார்த்தாள். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே சிவப்பு.

"முழுக்க இடப்பக்கமால்ல சாயுது?"

"வாங்குறவங்க வலப்பக்கம்தான் சாயணும்னு எழுதிக் குடுத்தாங்களா அக்கா?" என்று கேட்டாள் நாத்தனார்.

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லடியம்மா. ஒரே பக்கம் சாஞ்சாப் போதும்."

"அப்ப என் எடம்?" என்று கேட்டாள் இடக்கை.

"உனக்குத்தான். இனி உன்ன எழுப்பினா இவளையும்ல மறுபடி மாத்தணும்?"

பெரியக்கா நகர்ந்ததும் நாத்தனார் பக்கத்தில் சாய்ந்தாள். "ரொம்பப் பூரிக்காதீங்க அண்ணி. இனி ஆயுசுக்கும் என் பக்கத்துலதான்."

"வாய மூடிக்கிட்டு நெய்யறதா இருந்தா சரி."

"அதுக்கு வேற ஆளப் பாருங்க."